பத்து வெள்ளிக்குப் பன்னிரண்டு கூப்பன்

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு நான் மலேசியாவின் கிள்ளானுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் செல்வம் அன்றைக்கு என்னை ஒரு நல்ல வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதே ஞாயிற்றில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் கேன்டீன் நாளும் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை நான் வெங்காயம் உரித்தபடி கொண்டாடினேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்குக் கேன்டீன் நாள் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க இங்கே வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சாப்பாட்டுத் திருவிழா அது. பெற்றோர்கள் தங்கள் செலவில் சமைத்துக் கொண்டுவந்து திடலில் கடை போடுவார்கள். வருகிறவர்கள் வாசலில் வெள்ளி கொடுத்துக் கூப்பன் வாங்கவேண்டும். கடைகளில் கூப்பன்தான் செல்லும், காசு செல்லாது. வாசலில் சேரும் வெள்ளி அத்தனையும் பள்ளிக்கு. மலேசிய ரிங்கிட்டை இங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நான் வந்த புதிதில் கறிக்கடைக்காரர் "பதினஞ்சு வெள்ளிம்மா" என்றதும் தங்க நகையோடு வந்தவளிடம் வெள்ளியும் கேட்கிறாரே என்று திகைத்து நின்றவள் நான்.

இந்த வருடம் கேன்டீன் நாள் ஒரு வேனுக்காக. எங்கள் பள்ளி கிள்ளானின் ஓரத்தில், பந்திங் போகும் சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்து பதினான்கு பிள்ளைகள் பள்ளி வேனில் வந்துகொண்டிருந்தார்கள். பழைய வேனின் என்ஜின் மழைக்காலத்தோடு கண்ணை மூடிவிட்டது. அதன் பிறகு யாராவது ஒரு பெற்றோர் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வருவது, வராத நாளில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவது என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் பவித்ரா என்ற இரண்டாம் வகுப்புச் சிறுமியின் அம்மா லெட்சுமி என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, வேன் இல்லன்னா நான் பிள்ளைய பக்கத்து ஸ்கூல்ல போட்டுருவேன். எனக்கு மட்டும் ஆசையா? அங்க தமிழ் கிடையாது. ஆனா நடந்து போயிரலாம்."

நல்ல நிலையில் ஒரு பழைய வேன் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் முன்பணம் வந்தால் வேன் உங்களுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் இன்னொருவர் இருக்கிறார் என்று விற்பவர் சொல்லிவிட்டார். ஞாயிறு ஒரு நாள்தான் எங்களுக்கு இருந்தது.

2

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் பிழைப்பைச் சொல்லியாகவேண்டும். நான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். ஈரோட்டில் எம்.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தபோது என் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். இவர் மனைவியாக இங்கே இருக்கலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது என்று அதற்கு அர்த்தம். வருடா வருடம் அந்த முத்திரையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பேன். படிவத்தில் எல்லாம் மூன்று பிரதி. கணவர் கூட வரவேண்டும், அவருடைய சிரிப்பும் கூட வரவேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். பணம் ஒரு பொத்தானைத் தட்டினால் நாடு விட்டு நாடு போகிறது. அதைப் பற்றிப் படித்தவளுக்கு மட்டும் இத்தனை பிரதியா என்று.

ஆனால் நான் வந்த காலத்தில் இங்கே பணமும் அவ்வளவு சுதந்திரமாக இல்லை. ஆசிய நாடுகளின் காசெல்லாம் சரிந்து விழுந்த நெருக்கடிக்குப் பிறகு, மலேசியா தன் வெள்ளியை அமெரிக்க டாலரோடு சேர்த்து ஆணி அடித்து வைத்திருந்தது. ஒரு டாலருக்கு மூன்று வெள்ளி எண்பது காசு. காலையில் கேட்டாலும் அதே, தீபாவளிக்குக் கேட்டாலும் அதே.

என் அண்ணன் பழனிச்சாமிக்கு இது தாங்கவே தாங்காது. அவர் ஈரோட்டில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். காலையில் பல் தேய்க்கும் முன் டாலர் விலை பார்ப்பவர். தொலைபேசியில் எடுத்த எடுப்பில் கேட்பார்.

"என்ன அம்மிணி, உங்க ஊருக் காசு இன்னைக்கு என்ன வெலைங்கறே?"

"அதேதானுங்கண்ணா. நேத்து சொன்னதுதான்."

"அதெப்படி மாறாம இருக்கும்? அந்தூர்ல எல்லாரும் தூங்கறாங்களா?"

ரூபாய் இறங்கினால் அண்ணனுக்குப் பாயசம், ஏனென்றால் டாலரில் வரும் பணம் கூடும். அண்ணிக்கோ வயிற்றெரிச்சல், ஏனென்றால் தங்கம் விலை ஏறிவிடும். அந்த வீட்டில் ஒரே செய்திக்கு ஒருவர் சிரிப்பதும் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வாடிக்கை. காசின் விலை எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருக்கு வலிக்கும் என்ற பாடத்தை எனக்கு எந்தப் பேராசிரியரும் நடத்தவில்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் நடத்தியது.

பாடப்புத்தகம் இதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறது. நான் வகுப்பில் 'மூன்றில் இரண்டு' என்று சொல்லிக்கொள்வேன். ஒரு நாட்டுக்கு மூன்று ஆசை உண்டு. தன் காசின் விலை ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். பணம் உள்ளே வரவும் வெளியே போகவும் கதவு திறந்திருக்கவேண்டும். வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் தன் இஷ்டமாக இருக்கவேண்டும். மூன்றும் நியாயமான ஆசைதான். ஆனால் மூன்றும் சேர்ந்து கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும். வெளிநாட்டில் ஐந்து வட்டி, இங்கே மூன்று வட்டி என்று வையுங்கள். காசின் விலை மாறாது என்று உறுதியும் கொடுத்து, கதவையும் திறந்து வைத்தால் எவன் இங்கே பணத்தை வைப்பான்? மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவான்.

அதனால் ஒவ்வொரு நாடும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. சிங்கப்பூர் தன் காசின் விலையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு வட்டியைக் கைவிட்டது. அன்றைய மலேசியா கதவைச் சாத்திக்கொண்டது. இன்றைய மலேசியா ஆணியைப் பிடுங்கிவிட்டு வெள்ளியை ஆடவிட்டிருக்கிறது. நம் இந்தியா வழக்கம்போல மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. நான் வந்தபோது பதினொன்றோ பன்னிரண்டோ ரூபாயாக இருந்த ஒரு வெள்ளி இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. அண்ணன் இதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்.

வேலை செய்ய அனுமதி கிடைத்த நாளிலிருந்து வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்கள் இரண்டு மூன்று வங்கிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததை நீங்கள் முழுதாக ரசிக்கவேண்டும் என்பதற்காக.

3

கேன்டீன் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கூட்டம் நடந்தது. மொத்தம் நாலு பேர். தலைமையாசிரியை கமலா டீச்சர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் ராஜேந்திரன் அங்கிள், என் மகள் கயல்விழி, தேநீர் ஊற்றிக்கொண்டு நான்.

கமலா டீச்சர் சொன்னார்: "ஒரு கூப்பன் ஒரு வெள்ளின்னு வச்சிருவோம். மாத்தவே கூடாது. கடையில கணக்குப் பாக்கறது ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க. வெலைப் பலகை எல்லாம் எழுதியாச்சு."

நல்ல யோசனை என்றேன்.

ராஜேந்திரன் அங்கிள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிறவர். "போன வருஷம் மிச்சக் கூப்பன வச்சுக்கிட்டு எவ்ளோ பேரு என்னைத் திட்டுனாங்க தெரியுமா? இந்தத் தடவ மிச்சம் இருந்தா எப்ப வேணும்னாலும் கொண்டாந்து வெள்ளியா மாத்திக்கலாம். நான் மாமரத்துக்குக் கீழ ஒரு மேசை போட்டு உக்காந்துக்கறேன்."

அதுதான் நேர்மை என்றேன்.

கயலுக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். என்னிடம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள், கோபம் வந்தால் நடுவில் மலாயும் வரும். ஈரோட்டு மாமா பேசினால் பாதி புரியாமல் 'ம்ம்' கொட்டுவாள். பள்ளி வேலைக்கு இவள் வருவாளா என்ற சந்தேகத்தோடுதான் கேட்டேன். நானும் அங்கதானே படிச்சேன் என்று உடனே வந்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கூப்பன் விற்பது அவள் பொறுப்பு.

"அங்கிள், சேல்ஸ் ஸ்லோவா இருந்தா நான் போனஸ் குடுக்கலாமா? பத்து வெள்ளிக்குப் பன்னெண்டு கூப்பன் மாதிரி? எப்ப குடுக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு நானே டிசைட் பண்ணிக்கறேன்."

பாருங்கள் பெண்ணின் மூளையை என்று பூரித்துப்போய் அதற்கும் தலையாட்டினேன்.

விலை மாறாது, கதவு திறந்திருக்கும், எவ்வளவு கூப்பன் விடுவது என்பது நம் இஷ்டம். மூன்று ஆசையும் என் வீட்டுச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றுக்கும் நான் முறுக்கு கொடுத்து உபசரித்தேன்.

4

ஞாயிறு காலை மழை. திடலில் கூடாரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், வறுத்த நூடுல்ஸான மீ கோரெங், மசால் வடை, ஐஸ் போட்ட செண்டோல், லெட்சுமியின் மரவள்ளிக்கிழங்கு எல்லாம் தயாராக இருந்தன. சாப்பிடத்தான் ஆள் இல்லை. ஒன்பதரை மணி வரை கயலின் மேசையில் ஈ ஓட்டினார்கள். வந்த ஓரிருவரும் ஐந்து வெள்ளிக்கு மேல் வாங்கவில்லை. கமலா டீச்சர் வேன் விற்பவருடைய எண்ணைக் கைப்பேசியில் எடுத்துப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மழை விட்டதும் கயல் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மாட்டினாள். பத்து வெள்ளிக்குப் பன்னிரண்டு கூப்பன்.

அரை மணி நேரத்தில் அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் அது வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. கயல் இரண்டு கையாலும் கூப்பன் கிழித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். 'உம்பொண்ணு கெட்டிக்காரி அம்மிணி' என்று பதில் வந்தது. வேனுக்கு என்ன நிறத்தில் கோடு போடலாம் என்றுகூட நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ராஜேந்திரன் அங்கிள் வேகமாக வந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது.

"பாப்பா, கொஞ்சம் வெள்ளி குடு. என் பெட்டி காலி."

"இப்பதானே அங்கிள் குடுத்தேன்?"

"அதுவும் காலி லா." இங்கே எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

கயல் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது நான் அவரோடு மாமரத்தடிக்குப் போனேன். அங்கேயும் ஒரு வரிசை. அதில் முதலாவதாகக் கட்டம் போட்ட சட்டையில் முனியாண்டி அங்கிள் நின்றார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்தக் கார் எண்ணைப் பார்த்தாலும் அதற்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர். பன்னிரண்டு கூப்பனை நீட்டினார், பன்னிரண்டு வெள்ளி வாங்கினார், நேராக வாசலுக்குப் போய்க் கயலிடம் பத்து வெள்ளி கொடுத்தார், பன்னிரண்டு கூப்பன் வாங்கினார், மறுபடி மாமரத்தடிக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் உற்சாகமான முகம். திருட்டு முழி ஒன்றுகூட இல்லை.

"என்ன அங்கிள் பண்றீங்க?" என்றேன்.

"கேம் நல்லாருக்கு டீச்சர்! ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வெள்ளி. ஸ்கூல்ல இந்த வருஷம் நல்லா யோசிச்சிருக்கீங்க. நடக்கறது ஒடம்புக்கும் நல்லது."

பள்ளிக்கூடமே வைத்த லக்கி டிரா என்று நினைத்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போன புதன்கிழமை வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திய பாடம், கட்டம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு என் கண்ணெதிரே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வடை மலைபோல அப்படியே இருந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. வேனுக்கான வெள்ளி வாசல் வழியே வந்து மாமரத்தடி வழியே போய்க்கொண்டிருந்தது. லெட்சுமி கிழங்குத் தட்டுக்குப் பின்னால் நின்று வாசல் வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேன் வந்துவிட்டது என்றே அவள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

5

மேசைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் போட்டோம்.

"போனஸை நிறுத்து கயல், உடனே" என்றேன்.

"நிறுத்தினா காலைல மாதிரி ஆயிடும்மா. யாரும் வாங்கமாட்டாங்க."

"அப்ப கூப்பன் வெலைய மாத்துங்க. பத்துக் கூப்பன் கொண்டாந்தா எட்டு வெள்ளின்னு சொல்லலாம்" என்று கமலா டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"ஐயோ, வேண்டாம்" என்றார் கமலா டீச்சர். "காலைல முழு வெள்ளி குடுத்து வாங்குனவங்க என்ன பண்ணுவாங்க? பலகைல எழுதுனத எல்லாம் அழிச்சிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க தசமத்துல கணக்குப் போடணுமா?"

"அப்ப மாத்திக் குடுக்கறத நிறுத்தணும்" என்றேன்.

ராஜேந்திரன் அங்கிள் முகம் சிவந்தது. "நான் வாக்குக் குடுத்திருக்கேன் டீச்சர். எப்ப வேணும்னாலும்னு சொல்லியிருக்கேன்."

ஒவ்வொருவரும் தன் ஆசையை மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ஒவ்வொருவர் சொன்னதும் சரி. இத்தனை வருடம் பலகையில் மூன்று மூலைகளாக வரைந்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மனிதர் வியர்வையோடு நிற்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்வம் ஐஸ் மூட்டையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"தொண்ணூத்தெட்டுல பண்ண மாதிரி கதவ மூடு."

நெருக்கடிக் காலத்தில் அவர் துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா. வட்டி ஏறி, முதலாளிக்குக் கடன் கழுத்தை நெரித்தது. அடுத்த மாதம் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்தச் சமயத்தில்தான் நாடு பணத்தின் கதவைச் சாத்தியது. வட்டி இறங்கியது, வேலை தப்பியது. எங்கள் கல்யாணமே அந்தக் கதவால்தான் நடந்தது என்பது அவர் கட்சி. கதவைச் சாத்தாத நாடுகளும் பின்னால் எழுந்துகொண்டன, சாத்தியதற்கும் ஒரு விலை உண்டு, வெளியிலிருந்து வருகிறவன் அடுத்த முறை யோசிப்பான் என்பது என் கட்சி. இருபத்தைந்து வருடமாக இந்தச் சண்டை எங்களுக்குள் நடக்கிறது. அன்றைக்கும் ஆரம்பித்துவிட்டோம்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் சண்டை போடுங்க" என்றாள் கயல். "அங்கிள், மூணு மணிக்குக் கடை மூடுது. அதுவரைக்கும் மட்டும் மாத்தறத நிறுத்தலாம். மூணு மணிக்குக் கண்டிப்பா தொறக்கலாம். நானே மைக்ல சொல்றேன். ஓகேவா?"

ராஜேந்திரன் அங்கிள் திறந்திருந்த கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கண்டிப்பா தொறக்கணும்" என்றார்.

கயல் ஒலிபெருக்கியை எடுத்தாள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சொன்னாள். "போனஸ் இருக்கு, கூப்பன் இருக்கு, சாப்பாடு இருக்கு! வெள்ளியா மாத்தறது மட்டும் மூணு மணிக்கு மேலதான்!"

"அலமாக்!" என்று மாமரத்தடியிலிருந்து ஒரு பெருங்குரல், நம் ஐயய்யோவின் மலாய் வடிவம். முனியாண்டி அங்கிள். அப்போதுதான் துணிந்து ஐம்பது வெள்ளியை மொத்தமாகப் போட்டு அறுபது கூப்பன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கையில் கூப்பன் கத்தையோடு நடுத் திடலில் நின்றார். பிறகு நெடுமூச்சு விட்டுவிட்டு வடைக் கடையைப் பார்த்து நடந்தார்.

அவருக்குப் பின்னால் கூட்டாளிகள் எல்லாரும் நடந்தார்கள். அறுபது கூப்பனை ஒரு வயிறு தாங்காது. அதனால் அவர் வழியில் போகிற பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுச் செண்டோல் வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. போனஸ் கூப்பன் வாங்கினவர்கள் வாங்கினதைத் தின்றே தீரவேண்டும் என்று ஆனபின் கடைகளில் நெரிசல். ஒரு மணிக்கு நாசி லெமாக் தீர்ந்தது. அடுத்து வடை. கயல் மேசையில் மறுபடி வரிசை, இந்த முறை வேறு வேறு முகங்கள். லெட்சுமி கிழங்குத் தட்டைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இந்த ஊர் வந்து இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளைக் கழித்தது எனக்கு நினைவில்லை.

6

இரண்டே முக்கால் ஆனதும் சிரிப்பு வற்றிவிட்டது. எத்தனை கூப்பன் இன்னும் மக்கள் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கயல் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் மாமரத்தடிக்கு வந்தால் பெட்டி காலியாகிவிடும், வேன் போய்விடும்.

நான் கயலைத் தனியே இழுத்தேன். "திறக்காதடி. சாப்பாடெல்லாம் தீர்ந்துபோச்சு, யாரும் ஞாபகம் வச்சிருக்கமாட்டாங்க. பதினாலு பிள்ளைங்க விஷயம்."

"அம்மா, மைக்ல சொன்னோம்."

"தெரியும்."

"இன்னைக்குத் தொறக்கலன்னா அடுத்த வருஷம் யாரும்மா கூப்பன் வாங்குவா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டாள். பெற்ற பெண்ணிடம் சொந்தப் பாடத்தில் தோற்பது ஒரு தனிச் சுகம். ஆனால் அதை அனுபவிக்க அப்போது மனம் இல்லை.

மூன்று மணிக்கு அவள் மைக்கில் அறிவித்தாள். ஒரு கூப்பனுக்கு ஒரு வெள்ளி, இப்போது வரலாம். நாங்கள் நாலு பேரும் மேசைக்குப் பின்னால் நின்று திடலைப் பார்த்தோம்.

முதலில் ஒரு பெண் வந்தார், பஸ்ஸுக்கு வேண்டும் என்று நாலு கூப்பனைக் கொடுத்து நாலு வெள்ளி வாங்கிக்கொண்டார். ராஜேந்திரன் அங்கிள் அவருக்கு எழுந்து நின்று கொடுத்தார். பிறகு ஒரு பெரியவர் இரண்டு கூப்பனோடு வந்தார். அதற்குப் பிறகு யாருமே வரவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்ததும் மிச்சம் வைத்திருந்தவர்கள் அவசரப்படவில்லை போலிருக்கிறது. பலர் கூப்பனைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நாற்காலியை மடக்கும்போது சரோஜா ஆன்டி வந்தார். முனியாண்டி அங்கிளின் மனைவி. அங்கிளின் கட்டம் போட்ட சட்டை முழங்கை அவர் பிடியில் இருந்தது.

"காலைல எத்தன ரவுண்டு போனீங்க? டீச்சர்கிட்ட சொல்லுங்க."

"நான் ஸ்கூல் வச்ச கேம்னு நெனச்சேன் லா..."

"ஸ்கூல் வேனுக்குக் காசு சேக்கறாங்க, நீங்க அதுல வாக்கிங் போயிருக்கீங்க! எடுங்க வெளிய."

அங்கிள் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஆன்டி அவர் பையை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார், இன்னும் ஒரு நோட்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை. அங்கிளின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக நின்றார்கள், ஒவ்வொருவருக்குப் பின்னாலும் அவரவர் வீட்டம்மா. பணத்தை எடுக்கத்தான் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் என்று பாடத்தில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வரிசையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கயல் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ராஜேந்திரன் அங்கிள் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டு, முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது என்றார். கொஞ்சம்தான். ஆனால் வேன்காரர் கறார் பேர்வழி என்று எல்லாருக்கும் தெரியும். "நான் காலைல பெட்டியோட நேரா போயிப் பேசிப் பாக்கறேன்" என்றார் கமலா டீச்சர். கூடாரத்தைப் பிரித்தோம்.

7

திங்கட்கிழமை காலை கொமுட்டர் என்ற உள்ளூர் ரயிலில் நின்றுகொண்டே பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை. வகுப்புக்குள் போனதும் கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். மாணவர்களை அணைக்கச் சொல்கிற நானே அணைக்கவில்லை.

அன்றைக்கும் மூன்றில் இரண்டுதான் பாடம், போன வாரத்தின் தொடர்ச்சி. பலகையில் அம்புக்குறி போடவில்லை. முனியாண்டி அங்கிளின் கதையைச் சொன்னேன். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மிஸ், அப்ப கடைசில எது கரெக்ட்? கதவ மூடினதா, தொறந்ததா?"

"மூடினதுக்கும் காரணம் இருந்துச்சு, தொறந்ததுக்கும் காரணம் இருந்துச்சு. மூடினவங்களே சொன்ன நேரத்துக்குத் தொறந்தாங்க. பரீட்சைல அத எழுது."

கைப்பேசி அதிர்ந்தது. கமலா டீச்சர். எடுக்கிற அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டேன்.

"டீச்சர்? என்ன சொன்னாரு? குறைஞ்சாலும் ஒத்துக்கிட்டாரா?"

"இருங்க, கேளுங்க" என்றார் கமலா டீச்சர். பிறகு ஏதோ வண்டியின் கதவு சாத்தும் சத்தம். அதன் பின்னால் ஒரு ஹாரன் சத்தம் வகுப்பறை முழுக்க அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. முன்வரிசைப் பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

"என்ன மிஸ் அது?" என்றாள் அந்தப் பெண்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

"பதினாலு பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற சத்தம்" என்றேன்.